உட்கார்ந்து ஓடிய அஞ்சு மைல்

சென்னம்மாள் தன் புருஷன் பெயரை வாய்விட்டுச் சொன்னது இந்தப் பிறவியில் ஒரு இரண்டு மாத காலம்தான். அதற்கு முன்பும் சொன்னதில்லை, பின்பும் சொன்னதில்லை. சண்டைக் காலத்தில் ரேஷன் சீட்டு எழுத வந்த கணக்குப்பிள்ளை, "வூட்டுக்காரர் பேரு என்னாம்மா?" என்று கேட்டபோது, அவள் கஞ்சிச் சட்டியைக் கவிழ்த்து அடியைக் காட்டினாள்.

"சட்டியா?"

"அதுல ஒட்டிக்கிட்டு இருக்கறதுங்க."

"கரி... கரியனா?"

தலையை ஆட்டினாள். கணக்குப்பிள்ளை சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார். பக்கத்தில் நின்ற நாத்தனார் சின்னக்காள் மட்டும் சிரிக்கவில்லை. "இப்பத்தான் வெக்கம் வந்துச்சா இவளுக்கு? பாறை மேல நின்னுக்கிட்டு ஊரு கேக்க டேய்னு கூப்பிட்டவதான," என்றாள்.

சின்னக்காள் சொன்னது பொய்யில்லை. ஆனால் அந்த டேய்க்குப் பின்னால் இருந்தது திமிர் இல்லை என்பது ஆண்டவனுக்குத் தெரியும்.

கரியன் தபால் ஓட்டக்காரன். வத்தல்மலை அடிவாரத்துச் சாவடியிலிருந்து கடத்தூர் தபாலாபீஸ் வரைக்கும் அஞ்சு மைல் அவன் பங்கு. தர்மபுரியிலிருந்து வரும் பையை இன்னொரு ஓட்டக்காரன் சாவடியில் கொண்டுவந்து போடுவான். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு, கையில் கம்பைப் பிடித்துக்கொண்டு கரியன் கிளம்புவான். கம்பின் தலையில் கொத்தாகச் சலங்கை மணி. அந்தச் சத்தம் கேட்டால் கட்டைவண்டிக்காரர்கள் மாட்டை ஒடித்து வழி விடுவார்கள். புதரில் கிடக்கிற ஜீவன்களும் விலகிக்கொள்ளும். ஒன்பது வருஷம் இப்படி ஓடினான். காய்ச்சலோடு ஓடின நாளும் உண்டு, மாமனார் செத்த அன்றைக்கு ஓடிவிட்டு வந்து பாடை தூக்கின நாளும் உண்டு.

1934-ம் வருஷம் ஐப்பசியில் கடத்தூருக்கு பஸ் வந்தது. பையை பஸ்காரன் கூரை மேல் வீசி ஏற்றிக்கொண்டான். தபாலாபீஸில் கரியனைக் கூப்பிட்டுக் கம்பையும் பையின் வாரையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். கொத்திலிருந்து போன மாதம் அறுந்து விழுந்த ஒரு மணி மட்டும் வீட்டில் தங்கிவிட்டது. தைத்துக் கட்ட வேண்டும் என்று சென்னம்மாள் முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள். திருப்பிக் கொடுக்க அவனும் மறந்தான், கேட்க அவர்களும் மறந்தார்கள்.

வேலை போனவனுக்கு அந்தப் பக்கத்தில் ஒரே வழிதான் இருந்தது, குடகு காப்பித் தோட்டம். கரியனின் அண்ணன் அங்கே போய்த் திரும்பி வரவில்லை. குளிர்காய்ச்சலில் போய்விட்டான் என்று ஒரு கடிதம் வந்தது. அந்தக் கடிதம் வந்த பையையும் கரியன்தான் தோளில் சுமந்து ஓடிவந்திருந்தான். அதனால் குடகு என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவான்.

அந்த நேரத்தில்தான் அந்தச் செய்தி வந்தது. சீமை ராஜா பட்டத்துக்கு வந்து இருபத்தைந்து வருஷம் ஆனதற்காகச் சித்திரையில் ஊரெல்லாம் கொண்டாட்டமாம். கடத்தூரில் ஓட்டப்பந்தயம் வைக்கிறார்களாம். மலை ஏறி இறங்கக் காலுள்ள ஆள் வேண்டும் என்பதால், முதலில் வருகிறவனுக்கு வனக்காவலர் வேலை என்று துரை சொல்லிவிட்டாராம். ஓட வேண்டிய வழி எது தெரியுமா? சாவடியிலிருந்து கடத்தூர் சந்தைத் திடல் வரைக்கும், அதே அஞ்சு மைல். தபாலாபீஸ் அந்தத் திடலை ஒட்டித்தான் இருந்தது.

"உனக்குன்னே வெச்சாப்பல இருக்குதுடா," என்றாள் சின்னக்காள்.

கரியனுக்கும் சந்தோஷம்தான். ஆனால் மாசித் திருவிழாவில் கடத்தூரில் சும்மா ஒரு ஓட்டம் வைத்தபோது அவன் ஆறாவதாக வந்தான். அவனுக்கு முன்னால் வந்த அஞ்சு பேரும், பையோடு ஓடுகிற கரியனுக்குப் பாதி தூரம் கூட ஈடுகொடுக்க முடியாதவர்கள். கூட்டத்தில் எவனோ, "டேய் கரியா, பை எங்கடா?" என்று கத்தினான். கரியன் திரும்பிப் பார்த்தான். இன்னொருத்தன், "கடுதாசி ஏதாவது இருக்குதாடா?" என்றான். அதற்கும் திரும்பினான். அப்புறம் கால் காலில் தட்டி மண்ணைக் கவ்வினான். முழங்காலில் ரத்தத்தோடு எழுந்து ஓடி முடித்தான்.

வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான்.

"காலு வலிக்குதுங்களா?" என்றாள் சென்னம்மாள்.

"காலுக்கு ஒண்ணுமில்ல புள்ள. மணி இல்ல. மணி கேட்டா நான் யாரையும் பாக்கறதில்ல, எதையும் நெனைக்கறதில்ல. அது பாட்டுக்கு என்னை இழுத்துக்கிட்டுப் போவும். இப்ப காதுல ஊரு சத்தந்தான் கேக்குது. கூட்டத்தப் பாத்தா காலு கட்டிக்குது."

அவளுக்கு ஒரு சங்கதி ஞாபகம் வந்தது.

நாலு வருஷத்துக்கு முன்னால் மூன்றாவது தடவையும் வயிற்றுப் பிள்ளை தங்காமல் போய், அவள் ஜுரத்தில் கிடந்தாள். அந்த மாதம் தீர்த்தமலைக்கு வருவதாக வேண்டுதல். எழுந்து நிற்கவே முடியாதவள் எங்கே மலை ஏறுவது? கண்ணை மூடிக்கொண்டு, படுத்த இடத்திலேயே ஏறினாள். அரூர் ரோட்டில் நடந்தாள். முதல் படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஒரு படியையும் விடவில்லை. வழியில் உட்கார வேண்டிய பாறையில் உட்கார்ந்தாள், குரங்குக்குப் பயந்து தேங்காயை மடியில் மறைத்தாள். மேலே போய்ப் பாறையிலிருந்து விழும் தீர்த்தத்தில் தலையைக் காட்டினபோது நிஜமாகவே உடம்பு சில்லிட்டது. கண்ணைத் திறந்தால் ஜுரம் வேர்த்து விட்டிருந்தது. கெண்டைக்காலில் மலை ஏறின வலி. அந்த வலியை அவள் யாரிடமும் சொல்லவில்லை, சாமி கொடுத்ததாக வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் கரியனிடம் சொன்னாள். "ஏங்க, நீங்க உக்காந்துக்கிட்டே ஓடுங்க."

"என்னாது?"

"கண்ணை மூடிக்குங்க. சாவடியில இருந்து கெளம்புங்க. நான் மணி ஆட்டறன்."

வீட்டுக்குப் பின்னால் தானியம் காயப்போடும் பாறை ஒன்று இருந்தது. அதன் மேல் அவனை உட்கார வைத்தாள். முந்தானையில் முடிந்திருந்த மணியை அவிழ்த்து, நூலில் கோத்து, அவன் ஓடுகிற கணக்குக்கு ஆட்டினாள். ஒரு வாய் வெற்றிலை மெல்லும் நேரம்கூட ஆகவில்லை, "வந்துட்டன்," என்று கண்ணைத் திறந்தான்.

"எங்க?"

"கடத்தூருக்கு."

"பறந்து போனீங்களா? அஞ்சு மைலு அது. ஒவ்வொரு காலா எடுத்து வெக்கணும். வழியில என்னா இருக்குதோ அத்தனையும் பாக்கணும்."

அடுப்பில் கம்பஞ்சோற்றுச் சட்டியை ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவன் நிஜமாக ஓடுகிற நேரமும் அந்தச் சட்டி வெந்து இறங்குகிற நேரமும் ஒன்று. சட்டி இறங்கும் முன்னால் அவன் கண்ணைத் திறந்தால் அது ஓட்டமில்லை, மறுபடியும் சாவடியிலிருந்து கிளம்ப வேண்டியதுதான். முதல் வாரம் பாதி வழியில் தூங்கி விழுந்தான். "எங்க இருக்கறீங்க இப்ப?" என்று மெதுவாகக் கேட்பாள். "ரெண்டாம் மைல் கல்லு," என்பான். "அதுக்கு அந்தாண்ட?" "தலை முறிஞ்ச பனை." "அப்புறம்?" "கவலைக் கிணறு. தண்ணி எறைக்கற மாடு பின்னால வருது." "அப்புறம்?" "புளியமரம். ரோடு ரெண்டாப் பிரியுது. வலக்கைப் பக்கம் ஏரிக்குப் போறது. நான் இடக்கைப் பக்கம் போறன்." "போங்க, போங்க. திடல்ல கொடிக் கம்பம் தெரியுதா?" "தெரியுது."

பத்து நாள் போனதும் கேட்க வேண்டியிருக்கவில்லை. மணியும் தேவைப்படவில்லை. அவள் ஆட்டுவதை நிறுத்தினாலும் அவனுக்கு உள்ளே கேட்டது. உட்கார்ந்த இடத்திலேயே மார்பு ஏறி இறங்கும், நெற்றியில் வேர்வை துளிர்க்கும், கால் கட்டைவிரல் இரண்டும் துடிக்கும். எழுந்து போய் நிஜமாகவும் ஒரு தடவை ஓடிவிட்டு வருவான். மூச்சு வாங்காது.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்று வேடிக்கை பார்த்த சின்னக்காளுக்குப் பொறுக்கவில்லை. "ஊருல எல்லாரும் காலால ஓடறான், எந்தம்பி குண்டியால ஓடறான். முட்டை உட்டுடப் போறான் பாத்து எடுத்துக்க, சென்னம்மா."

சென்னம்மாளுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அந்தப் பேச்சுதான் அவளுக்கு மிச்ச வழியையும் காட்டியது. சின்னக்காளின் குரல் கேட்டதும் கரியன் கண்ணைத் திறந்துவிட்டானே? ஒரு நாத்தனார் பேச்சுக்கே திறந்தால், கடத்தூர்க் கூட்டத்துக்கு என்ன செய்வான்?

"அண்ணி, தெனமும் வந்து இதே மாதிரி பேசுங்க. இன்னும் மோசமாப் பேசுங்க."

"அதுக்கு நீ கேக்கணுமா," என்று சின்னக்காள் மனசார ஏசினாள். இரண்டு நாளில் கரியனுக்கு அது பழகிவிட்டது. பிறந்ததிலிருந்து கேட்கிற குரல்தானே. அவன் மனசை நிஜமாகவே கலைக்கிற குரல் ஒன்று வேண்டியிருந்தது. அவனே சொன்னான், "நீ கத்து புள்ள. உன் கொரலுக்குத்தான் நான் திரும்பாம இருக்க மாட்டன்."

"நான் என்னான்னுங்க கத்தறது?"

"திருவிழாவுல கத்துனானே, அதையே கத்து."

"ஐயோ, பேரச் சொல்லியா?"

"பேரச் சொல்லித்தான். ஏங்கன்னு கூப்பிட்டா எவன் திரும்புவான்? கூட்டத்துல எல்லாப் பொம்பளையும் ஏங்கன்னுதான் கூப்பிடுவா."

அன்றைக்கு அவளால் முடியவில்லை. மறுநாள் விடிகாலையில் குளித்து, தீர்த்தமலை இருக்கும் திக்கைப் பார்த்துக் கும்பிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பாறை மேல் ஏறி நின்று, வாயை இறுகப் பொத்தி, பொத்தின கையை எடுத்துக் கத்தினாள்:

"டேய் கரியா! பை எங்கடா?"

கரியன் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான். இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அப்படிச் சிரித்ததில்லை என்று பின்னால் அவள் சொன்னாள். "எம் பேரு உன் வாயில நல்லாத்தான் இருக்குது," என்றான் அவன்.

அப்புறம் தினமும் கத்தினாள். "டேய் கரியா, இந்தப் பக்கம்டா! டேய் கரியா, வேட்டி அவுந்துச்சு பாரு! டேய் கரியா, நில்றா!" ஒரு வாரத்தில் அவன் முகத்தில் ஒரு நரம்புகூட அசையவில்லை. பதிலுக்கு உதட்டோரத்தில் மட்டும் ஒரு சின்னச் சிரிப்பு வரும். கேட்டது, ஆனால் திரும்ப மாட்டேன் என்று அதற்கு அர்த்தம். அந்தச் சிரிப்பைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு, காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு அவன் மலை ஏறுவது கண்ணில் தெரியும்.

"யாரு என்னா கத்துனாலும் திரும்பாதீங்க. நான் கத்துனாலும் திரும்பாதீங்க," என்று சொல்லி அனுப்பினாள். இந்தச் சொல்லை அவள் வாயாலேயே சொன்னாள்.

பந்தயத்தன்றைக்குச் சாவடியில் ஆண்கள் கூட்டம். சென்னம்மாள் விடியும் முன்பே கிளம்பி நீர்மோர்ச் சொம்போடு சந்தைத் திடலுக்குப் போய்விட்டாள். ஓட்டம் முடிகிற இடத்தில் கொடிக் கம்பம் நட்டிருந்தது. அதன் பக்கத்தில் நின்றாள், அவன் கண்ணைத் திறக்கிறபோது முதலில் தன்னைப் பார்க்கட்டும் என்று ஆசை.

வெயில் ஏறும் நேரத்தில் டவாலிச் சேவகர்கள் இரண்டு பேர் வந்து கம்பத்தை ஆட்டிப் பிடுங்கினார்கள்.

"ஏங்க, எதுக்குங்க புடுங்கறீங்க?"

"நேத்து மாட்டுச் சந்தை. சாணி நாத்தம் துரைசானிக்கு ஒத்துக்கலை. ஏரிக்கரையில காத்து வருதுன்னு கூடாரத்த அங்க மாத்திட்டாங்க. ஓட்டமும் அங்கதான் முடியுது."

"ஓடறவங்களுக்குத் தெரியுங்களா?"

"சாவடியில ரைட்டரு புது வழியப் படிச்சிருப்பாரு. உனக்கு என்னாம்மா?"

சொம்பை அங்கேயே கீழே வைத்தாள். ரைட்டர் படித்திருப்பார். எல்லோரும் கேட்டிருப்பார்கள். ஆனால் கரியன் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருப்பான் என்று அவளுக்குத் தெரியும். சாவடிச் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டிருப்பான். அவள்தான் அப்படிச் சொல்லியிருந்தாள். தப்பட்டை அடித்தாலும் எழுந்திருக்காதீங்க, பேர் கூப்பிட்டதும் போய்க் கோட்டில் நில்லுங்க என்று.

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினாள். புளியமரம் அரை மைலுக்கு அந்தப் பக்கம். வாழ்நாளில் அவள் ஓடின ஓட்டம் அது ஒன்றுதான். பந்தயம் பார்க்க நின்றவர்கள் எல்லோரும் ஏரிக்கரைப் பக்கம் போய்விட்டதால் ரோடு காலியாகக் கிடந்தது.

புளியமரத்தடியில் தலையாரி பெரியண்ணன் சிவப்புத் துணி கட்டின கோலோடு நின்றிருந்தார்.

"அண்ணா, எங்க வூட்டுக்காரரு வந்தா நிறுத்தி வழி சொல்லுங்க. அவருக்குத் தெரியாது."

"வழி காட்டத்தானம்மா என்னை நிக்க வெச்சிருக்கறாங்க. கண்ணில்லாதவனா அவன்? ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்க. ஓடறவனை வெளி ஆளு தொட்டா அவன் ஓட்டம் செல்லாதுன்னு உத்தரவு. கை கிய் பட்டுடப் போவுது."

அப்போது வளைவில் கரியன் தெரிந்தான். தனியாக வந்தான். அவனுக்குப் பின்னால் நூறு கஜத்தில், கடத்தூர்ப் பெரிய குடும்பத்துப் பிள்ளை முனிராஜ் வாயைப் பிளந்துகொண்டு வந்தான். மற்றவர்கள் கண்ணுக்கே தெரியவில்லை. கரியன் பாதிக் கண் மூடி, தோளில் இல்லாத பையை ஒரு கையால் பிடித்தபடி, தரையில் கால் பாவாமல் வந்தான். அந்த அழகைப் பார்த்து ஒரு கணம் கூப்பிடவே மறந்தாள்.

தலையாரி கோலை வலப்பக்கம் ஆட்டி, "இப்படி, இப்படி!" என்று சத்தம் போட்டார்.

"ஏங்க!" என்றாள் சென்னம்மாள். "ஏங்க, ஏரிப்பக்கம்! ஏங்க!"

அவன் முகம் லேசாகச் சுளித்தது. கண்ணிமை அசைந்தது. இன்னும் ஒரு தடவை அப்படியே கூப்பிட்டிருந்தால் என்ன ஆகியிருக்குமோ, தெரியாது. பதறிப்போனவளுக்கு அவனை நிறுத்த உலகத்தில் இருப்பதிலேயே பெரிய சத்தம் எதுவோ அதுதான் வாயில் வந்தது.

"டேய் கரியா! இந்தப் பக்கம்டா! டேய் கரியா, நில்றா!"

சுளித்த முகம் நேரானது. உதட்டோரத்தில் அந்தச் சின்னச் சிரிப்பு வந்தது. கைக்கெட்டும் தூரத்தில், அவன் வேர்வை அவள் மேல் தெறிக்க, தாண்டிப் போனான். அவள் கையை நீட்டினாள். தொட்டால் செல்லாது. நீட்டின கையை இழுத்துக்கொண்டாள்.

இடப்பக்கம் போய்விட்டான்.

முனிராஜ் வந்தான். அவளைப் பார்த்தான், தலையாரியைப் பார்த்தான், இடப்பக்கம் போகிற கரியனின் முதுகையும் பார்த்தான். வலப்பக்கம் திரும்பினான்.

அவள் சந்தைத் திடலுக்கு வந்து சேர்ந்தபோது கரியன் நடுவில் நின்றிருந்தான். சுற்றிலும் வைக்கோலும் சாணியும். ஒரு கிழவி கூடையில் சாணி பொறுக்கிக்கொண்டிருந்தாள். கம்பம் பிடுங்கின குழி ஒன்று அவன் காலடியில் இருந்தது. மூச்சு வாங்கவில்லை அவனுக்கு.

"ஏ புள்ள, யாரையும் காணம்? நான் அவ்வளவு வெரசாவா வந்துட்டன்?" என்றான். அப்புறம் பெருமையாக, "புளியமரத்துகிட்ட உன் கொரலு கேட்டுது எனக்கு. பாறை மேல கத்துவியே, அதே கொரலு. அசையலையே நான்," என்றான்.

ஏரிப் பக்கமிருந்து பாண்டு வாத்தியச் சத்தம் வந்தது. அவன் அந்தப் பக்கம் திரும்பினான். பிறகு குழியைப் பார்த்தான். அவனுக்குப் புரிவதை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கம்பத்த எப்பப் புடுங்கனாங்க?"

"காலையில."

"நீ எங்க இருந்த?"

நிஜத்தைச் சொல்லியிருக்கலாம். உங்கள் காதில் விழுந்தது நினைப்பில்லை, நான்தான் நின்று தொண்டை கிழியக் கத்தினேன், கேட்டும் தாண்டிப் போய்விட்டீர்கள் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த மனுஷன் இனி தன் காதையே நம்ப மாட்டான் என்று அவளுக்குத் தோன்றியது. திட்டுவதற்கு ஒரு ஆள் இருந்தால் மனசு ஆறும், அந்த ஆள் நானாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று நினைத்தாள்.

"இங்கதான் இருந்தன். கம்பத்துகிட்ட."

"புடுங்கறத வேடிக்கை பாத்துக்கிட்டா இருந்த?"

"ஆமாங்க."

அவன் அவளை அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. சாணிக்குள் உட்கார்ந்து, கெண்டைக்காலைத் தடவிக்கொண்டே வெகுநேரம் இருந்தான்.

காக்கிச் சட்டை முனிராஜுக்குப் போனது. நியாயம் சொல்லப் போன கரியனிடம், வழியை உரக்கப் படித்தோம், தலையாரியும் காட்டினான், உனக்குக் காது கேட்காதா என்று ரைட்டர் கேட்டார். புளியமரத்தடியில் தான் கத்தினதை யாரிடமும் சொல்ல வேண்டாமென்று தலையாரியைச் சென்னம்மாள் கும்பிட்டுக் கேட்டிருந்தாள். ஊர் அவனுக்குக் கண்மூடிக் கரியன் என்று பெயர் வைத்தது. பெண்டாட்டி பேச்சைக் கேட்டுக் கண்ணை மூடிக்கொண்டு ஓடினவன் என்று ஓட்டல் பெஞ்சில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். சின்னக்காள் அதைச் சிரிப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. "எந்தம்பி பொழைப்பு ஒரு கூப்பிடு தூரத்துல இருந்துச்சு. இந்த மகராசி வாயத் தொறக்கல," என்று எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொன்னாள்.

அந்த வருஷம் ஆவணியில் கரியன் குடகுக்குப் போனான். எந்தப் பெயரைச் சொன்னால் எழுந்து போவானோ அந்த ஊருக்கே மூட்டை கட்டினான். மூன்று வருஷம் கழித்து, மண்ணீரல் வீங்கி, ஆளே பாதியாகத் திரும்பினான். வருஷத்துக்கு இரண்டு தடவை குளிர்காய்ச்சல் வரும். ஓடுவது கிடக்கட்டும், மேடு ஏறினாலே நின்று நின்று ஏறுவான். கடத்தூர் ரோட்டில் ஜல்லி உடைக்கிற வேலைதான் கிடைத்தது. எந்த ரோட்டில் ஓடினானோ அதே ரோட்டின் ஓரத்தில், இரண்டாம் மைல் கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உடைத்தான். பஸ் போகும்போது முகத்தில் துண்டைப் போட்டுக்கொள்வான். புழுதிக்கு என்பான்.

சென்னம்மாளிடம் வேண்டியதைத் தவிர ஒரு சொல் பேசமாட்டான். கோபம் வந்தால் மட்டும், "கம்பம் பாத்தவ," என்பான். அந்த ஒரு சொல்லை அவள் ஆறு வருஷம் சாப்பிட்டாள். தீர்த்தமலைக்கு அதன்பின் அவள் கண்ணை மூடி ஏறவுமில்லை. இரண்டு தடவை முயற்சி பண்ணினாள். அரூர் ரோட்டில் ஒரு புளியமரம் வரும், அதோடு நின்றுபோகும்.

சண்டைக் காலத்தில் தானியம் கிடைக்காதபோது அவள் மலையில் விறகு பொறுக்கி விற்றாள். ஒரு நாள் முனிராஜ் பிடித்தான். முதல் தடவை, "போங்கக்கா, யாரும் பாக்கறதுக்குள்ள," என்று விட்டான். இரண்டாம் தடவை மேலதிகாரி கூட இருந்ததால் கத்தியைப் பிடுங்கிக்கொண்டு அபராதம் எழுதினான். எழுதும்போது தலையைத் தூக்கவில்லை. கெட்டவன் என்று சொல்ல முடியாது. அவன் போட்டிருந்த சட்டையைப் பார்க்காமல் இருக்கத்தான் அவளும் தலையைக் குனிந்து நின்றாள்.

1944-ல் ஒரு நாள் உச்சிவெயிலில் அவள் ஜல்லிக் குவியலுக்குக் களி கொண்டுபோயிருந்தாள். சைக்கிளில் வந்த முனிராஜ் இறங்கித் தண்ணீர் கேட்டான். கரியன் சுத்தியலை நிறுத்தாமலே பானையைக் காட்டினான். குடித்துவிட்டு முனிராஜ் கிளம்பவில்லை. மனசில் ஏதோ வெகுநாளாக இருந்திருக்கும்.

"அண்ணா, தப்பா நெனைக்காதீங்க. அன்னைக்கு நீங்க எடக்கைப் பக்கம் போறத நான் பாத்தன். ஒரு சத்தம் குடுத்திருக்கலாம். குடுக்கல. ஆனா நான் குடுத்து என்னா ஆவப்போவுதுன்னும் இருந்துச்சு. அதான் அக்கா பக்கத்துல நின்னு உங்க பேரச் சொல்லி அந்தக் கத்து கத்துனாங்களே. அதுக்கே நீங்க நிக்கலையே."

சுத்தியல் நின்றது.

சென்னம்மாள் களிச் சட்டியை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள். முனிராஜ் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, என்ன சொன்னோம் என்று தெரியாமல் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விட்டான். கரியன் சுத்தியலைக் கீழே வைத்தான். களியைச் சாப்பிட்டான். சாயங்காலம் வரைக்கும் கல் உடைத்தான்.

மறுநாள் காலையில் அவள் பின்பக்கம் போனபோது அவன் பாறை மேல் உட்கார்ந்திருந்தான். கண்ணை மூடியிருந்தான்.

"மணி இருக்குதா?" என்றான்.

"இருக்குதுங்க."

முந்தானை முடிச்சை அவிழ்க்க அவளுக்கு நேரமாயிற்று. ஆட்டினாள். களிம்பு பிடித்த மணி, சத்தம் தேய்ந்திருந்தது. அவன் மார்பு ஏறி இறங்கியது, நடுவில் இருமல் வந்தது, இருமிவிட்டு மறுபடி ஓடினான். இரண்டாம் மைல் கல். தலை முறிந்த பனை இப்போது இல்லை, போன புயலில் விழுந்துவிட்டது. கவலைக் கிணறு.

"புளியமரம் வந்துட்டன்," என்றான். "நீ நிக்கற. கூப்பிடு."

அவள் வாயைத் திறந்தாள். பெயர் வரவில்லை. அவன் காத்திருந்தான்.

"ஏங்க," என்றாள்.

கரியன் கண்ணைத் திறந்தான். குடகுக் காய்ச்சல் மஞ்சளாக்கின கண் இரண்டும் அவளை நேராகப் பார்த்தன.

"இப்படிக் கூப்பிட்டிருந்தா நின்னிருப்பனே, புள்ள."

"மொதல்ல அப்படித்தாங்க கூப்பிட்டன்," என்றாள் சென்னம்மாள்.

அவன் பாறையிலிருந்து மெதுவாக இறங்கினான். சுவரோரம் சாய்ந்திருந்த சுத்தியலை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, ரோட்டுக்குக் கிளம்பினான்.